வால் மட்டும் மிச்சம்

ஒரு மணிக்குள் சுவர் சுத்தமாகிவிட வேண்டும். ஆனந்தவள்ளி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. சுவரில் இன்னும் வால் இருந்தது.

குற்றாலத்தில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய அரசுச் சுவர் அது. இரண்டு மாதத்துக்கு முன், தோளில் துண்டும் கையில் மைக்குமாக ஒரு சிவப்புக் குரங்கு அதில் முளைத்தது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கட்சிப் பொறுப்பாளர் கணேசமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. துண்டு போட்டிருந்த விதம் அப்படியே அவருடையது. போலீசில் புகார் கொடுத்ததோடு விடாமல், தென்காசிக் கூட்டத்தில், "இன்னைக்குச் சுவத்துல பெயின்ட், நாளைக்குக் கையில அருவா" என்று முழங்கினார்.

ஸ்பிரே டப்பாவோடு பிடிபட்டவன் ஹுஸைஃபா. வயது பதினாறு. நான்கு ஞாயிற்றுக்கிழமை அவனே அந்தச் சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவிட்டது. கூட நின்று, கடைசி நாள் மதியம் ஒரு மணிக்குள் சுத்தமான சுவரைப் படமெடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வேலை துப்புரவு மேற்பார்வையாளர் ஆனந்தவள்ளியின் தலையில் விழுந்தது.

முதல் ஞாயிறு சுவரைப் பார்த்ததுமே அவள் கண் வாலில் போய் நின்றது. ஜிலேபி மாதிரி மூன்று சுற்றுச் சுற்றிய வால். அவள் மகன் விஜயசங்கர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே குரங்குக்கு அப்படித்தான் வால் போடுவான். வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "வாலு மட்டும்தாம்மா நான் போட்டேன்," என்றான்.

விஜயசங்கருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவன் பெயர் வெளியே வந்தால் சுவர் தேய்ப்பதோடு போகாது, வழக்குதான். அடுத்த மாதம் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வில் ஓட வேண்டியவன்.

இதுவரை ஹுஸைஃபா வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைசி ஞாயிறான இன்று வேலை முடியாவிட்டால் மறுபடி குழுமத்தின் முன் நிற்க வேண்டும். மறுபடி அதே கேள்வி வரும், கூட இருந்தது யார் என்று.

வால் சுவரின் உச்சியில் இருந்தது. ஹுஸைஃபா குள்ளம். ஏணி கேட்டால், அவனுக்கு எட்டாத உயரத்தில் வரைந்தது யார் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் அவள் கேட்காமலே விட்டிருந்தாள். அவன் கம்பில் பிரஷைக் கட்டி அழுத்தித் தேய்த்தான். கம்பு வளைந்ததுதான் மிச்சம்.

கணேசமூர்த்தியின் கார் வந்து நின்றது. கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடியே இறங்கினார்.

"என்னம்மா, பய திருந்திட்டானா?"

ஆனந்தவள்ளி குறுக்கே போய் நின்றாள். "மொகத்த எடுக்கக் கூடாது அண்ணாச்சி. சின்னப் பய."

"எனக்கே சட்டம் சொல்லுதியோ?" கைப்பேசி இறங்கியது. ஆனால் கண் மேலே போனது. "ஏலே, வாலு அங்கன இருக்கு. ஒன் கை எட்டுதா? எட்டிக் காட்டு பாப்போம்."

ஹுஸைஃபா கையை உயர்த்தினான். ஒரு முழம் இடைவெளி இருந்தது.

"அப்போ வாலப் போட்டது எவம்லே? நெட்டப் பய ஒருத்தன் கூட இருந்திருக்காம்லா!"

"கல்லு மேல ஏறி நின்னு போட்டேன்."

"அந்தக் கல்லு எங்கன?"

"கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு."

"நக்கலு! பேரச் சொல்லுதியா, ஸ்டேஷன்ல வச்சுக் கேக்கச் சொல்லட்டா?"

அந்த நேரம் பார்த்து ஏணியும் வெள்ளை வாளிகளுமாக ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பெயின்டர் தில்லைநாயகம் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, எந்தச் சுவரு?"

"இதுதான்வே. நாளைக்குத் தலைவர் வாராரு. முழுசா வெள்ளை அடிச்சு, தேர்தல் வரைக்கும் நம்ம கட்சிக்குன்னு எழுதிரும்." பிறகு ஆனந்தவள்ளியைப் பார்த்தார். "என்ன, தடுக்கப் போறியா?"

தடுக்கத்தான் வேண்டும். அரசுச் சுவரில் தனி ஆளோ கட்சியோ யாரும் வரையவோ எழுதவோ கூடாது என்ற சுற்றறிக்கை அவள் பைக்குள்ளேயே இருந்தது. முதல் ஞாயிறு அதைத்தான் ஹுஸைஃபாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள்.

அவள் வாலைப் பார்த்தாள்.

"நான் என்னத்தத் தடுக்கப் போறேன்? மேலருந்து அடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த வாலுதான் அசிங்கமாத் தெரியுது."

கணேசமூர்த்திக்கு வாயெல்லாம் பல். "இப்படில்லா இருக்கணும்!" தலைவருக்கு எங்கே வரவேற்பு வளைவு வைப்பது என்று பார்க்கப் போய்விட்டார்.

முதல் பூச்சில் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. "இன்னொரு தடவை அடிங்க," என்றாள். இரண்டாவது பூச்சில் வால் போனது. எழுத்து தொடங்குமுன், பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு, வெறும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தில்லைநாயகம் நீலத்தில் 'இந்தச் சுவர்' என்று தொடங்கினார்.

ஹுஸைஃபா கை கழுவிவிட்டு வந்து, அந்த எழுத்தை ஒரு தடவை வாசித்தான். நான்கு ஞாயிறும் அவளை மேடம் என்றே கூப்பிட்டவன்.

"விஜயண்ணன நல்லா ஓடச் சொல்லுங்க அத்தை," என்றான். பையை மாட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸுக்கு நடந்தான்.

ஆனந்தவள்ளி சுவருக்கு முன்னாலேயே நின்று அவன் போவதைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்," என்றார் தில்லைநாயகம் ஏணியிலிருந்து. "எழுதணும்லா, மறைக்கியோ."

அவள் தள்ளி நின்றாள்.