மூன்றாவது நட்சத்திரம்

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து யன்னலுக்கு நேரே தூக்கினான் கிருபன். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி நிரூபா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

"கலியாணங் கட்டின இருபத்தைஞ்சு வருசமா எதைக் காட்டினாலும் உதைத்தானே சொல்லுறியள். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

கனடாவில், பிக்கரிங் வீட்டுக் கராஜில் அவள் சுழலும் சில்லில் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் கோலம் வெட்டத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கிண்ணங்களில் அடியிலிருந்து விளிம்புவரை நட்சத்திரங்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கும். அவளும் அதே நட்சத்திரங்களைத்தான் வெட்டுவாள். ஆனால் மேலே போகப்போக அவற்றைக் கலைத்து, விளிம்பை வெறுங்கண்ணாடியாக விட்டுவிடுவாள். புற்றுநோய் எலும்புக்குப் போனபிறகு வெட்டி முடித்த கிண்ணம் இது. திங்கட்கிழமை ரொறன்ரோவில் கண்காட்சிக்குக் கொடுக்கவேண்டும். அவளுக்கோ இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

கிருபன் கிண்ணத்தை மெல்லத் திருப்பினான். வெளியே கிடந்த பனியின் வெளிச்சம் வெட்டுகளில் ஏறி இறங்கியது. மூன்றாவது நட்சத்திரத்தில் ஒரு கோடு மற்றவற்றைவிட ஆழமாக இறங்கி, பக்கத்துக் கோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

கட்டிலுக்குப் பின்னால் நின்ற மகள் அனோஜா, சொல்லவேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஒரு கோடு பிழைச்சுப்போச்சு, நிரூ."

"எவடத்தில?"

அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். விரல் அங்கேயே போய்ப்போய் வந்தது.

"ஓம். அண்டைக்குக் கை வழுக்கினது. சின்னனா இருக்குமெண்டு நினைச்சன்." விரலை எடுத்துக்கொண்டாள். "அனுப்பவேண்டாம். என்ர பேரில உது போகக்கூடாது."

பிறகு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இப்பத்தான் பாத்திருக்கிறியள்."

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அவளுடைய மூச்சு நின்றது. தாதி வந்து நேரம் குறித்தாள். ஆறு மணிக்கு ஃபியூனரல் ஹோம்காரர் உடலைக் கொண்டுபோனார்கள். வாசல்படியில் அவர்களுடைய சப்பாத்துப் பனி உருகிக் கிடந்தது.

"அப்பா, அந்தக் கிண்ணத்தை அனுப்புவமே? நோபடி வில் நோட்டிஸ். அம்மான்ர லாஸ்ற் பீஸ்."

"வேண்டாமெண்டவா."

"அப்ப நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?" அனோஜா வெடித்து அழுதாள்.

"கேட்டவா, பிள்ளை."

அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தான். பிறகு கராஜுக்குப் போனான். வெளியே மைனஸ் பதினாலு. அவள் இங்கே வராத இரண்டு கிழமையும் சின்ன ஹீற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெட்டுகிற சில்லுக்குக் கீழே வாளியில் தண்ணீர். அடியில் கண்ணாடித்தூள் மாவாய்ப் படிந்திருந்தது. ஹீற்றரை நிறுத்த சுவிற்சில் கை வைத்தான். நிறுத்தினால் வாளித் தண்ணீர் உறைந்துவிடும்.

கையை எடுத்துக்கொண்டு, குளிர் உள்ளே போகாமல் கதவை இறுக்கிச் சாத்தினான்.