முயல் அறையில் இடம் கேட்டவன்

வடதுருவத்தை ஒட்டிய தோர்னே ஆற்றங்கரையில் அந்தப் பனி ஹோட்டலைக் கட்டுவதும் அது கரைந்துபோவதும் ஆண்டுதோறும் நடக்கிற கூத்துதான். மார்ச்சில் உறைந்த ஆற்றைக் கட்டி கட்டியாக அறுத்துக் கொட்டகையில் அடுக்குவார்கள். நவம்பரில் அதை எடுத்துச் சுவர் எழுப்புவார்கள். ஏப்ரல் கடைசியில் எல்லாம் சொட்டிச் சொட்டி வந்த வழியே ஆற்றுக்குப் போய்விடும். இடையில் நாலா திசையிலிருந்தும் ஆட்கள் காசைக் கொட்டிக் கொடுத்து, பனிக்கட்டிக் கட்டிலில் ஒரு ராத்திரி நடுங்கப் படுத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் கணப்பு நன்றாக எரிகிறவனுக்குத்தான் இந்த ஆசையெல்லாம் வரும்.

தைமிக்கு அங்கே காலை வேலை. சூடான லிங்கோன் பழச்சாற்றை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்த் திரைச்சீலையை விலக்கி, பனிமான் தோலின் மேல் உறக்கப் பைக்குள் சுருண்டு கிடப்பவர்களை எழுப்ப வேண்டும். கோப்பையை வாங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் உளறுவார்கள். மூக்கு உறைந்துவிட்டது, கழிப்பறைக்கு ஓட முடியவில்லை, ஆனால் பிரமாதம்.

முயல் அறையில் படுத்தவர்கள் மட்டும் வேறு சொன்னார்கள்.

சுவரில் ஒரு பெரிய முயலைச் செதுக்கியிருந்ததால் அதற்கு அந்தப் பெயர். முதலில் ஒரு ஜெர்மன்காரர், "ராத்திரி யாரோ என் பையோட ஜிப்பைத் திறந்தாங்க. உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையா?" என்று சத்தம் போட்டார். அடுத்து வந்த புதுமணத் தம்பதி, தங்கள் நடுவில் மூன்றாவது ஆள் படுத்திருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அன்று மத்தியானமே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மேலாளர் ஃபோல்கே இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குளிர்ல மூளை குழம்பும்மா. அதுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குறோம்" என்றார்.

தைமிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது பொறாமை. ஆமாம், பொறாமைதான், அதற்கு வேறு பெயர் சொல்லி மூடுவானேன்?

அவள் கணவன் அல்கோத் ஆற்றில் பனிக்கட்டி அறுக்கிறவன். போன வருஷம் மார்ச்சில் ஒரு நாள் கடைசிக் கட்டிகளை அறுத்துக் கரையேற்றினார்கள். அறுத்தபின் அந்த இடத்தைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளை நட வேண்டும். அது ஆற்றங்கரையில் எழுதாத சட்டம். கிளை இருக்கிற இடத்தில் குழந்தைகூடக் கால் வைக்காது. அன்று கிளை வெட்டப் போனவர்கள் திரும்புவதற்குள் பனிப்புயல் வந்துவிட்டது. அல்கோத் ரம்பத்தை மறந்துவிட்டேன் என்று பனி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். அறுத்த இடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய பனி ஏடு படிந்து, அதன் மேல் பனி மூடி, எது உறைந்த ஆறு எது அறுத்த பள்ளம் என்று தெரியாமல் இருந்திருக்கும். ரம்பம் ஓரத்தில் கிடந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அன்றைக்கு அறுத்த கட்டிகளை வைத்துத்தான் இந்தக் குளிர்காலம் முயல் அறையைக் கட்டினார்கள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் தைமியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். செத்தவருக்காக மறுநாள் மாதா கோயிலில் மணியடிப்பது அங்கே வழக்கம். வீட்டார் போய்ச் சொன்னால்தான் அடிப்பார்கள். தைமி போகவில்லை. வசந்தத்தில் பனி உருகியும் உடல் வராதபோது பாதிரியாரே வீடு தேடி வந்தார். "ஆளைக் காட்டுங்க, அப்புறம் மணியடிங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. அவன் சட்டைகள் ஆணியில் தொங்கின. கட்டிலில் சுவரோரப் பக்கம் காலியாகவே கிடந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் வயதான டச்சு டீச்சர் ஒருத்தி முயல் அறையில் படுத்தாள். காலையில் தைமி திரையை விலக்கியபோது கிழவியின் பை முழுதும் திறந்து கிடந்தது. உள்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு கட்டிலின் விளிம்பில் ஒடுங்கியிருந்தாள். உதடு நீலம். தைமி கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். ஆம்புலன்சில் ஏற்றும்போது கிழவி கண்ணைத் திறந்தாள்.

"பக்கத்துல ஒருத்தர் நடுங்கிட்டே இருந்தார். பாவமா இருந்துச்சு. கொஞ்சம் இடம் விட்டேன். அப்புறம் எனக்கு ரொம்ப சூடா இருந்துச்சு" என்றாள்.

கிழவி பிழைத்துக்கொண்டாள். ஃபோல்கே முயல் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்று பணியாளர் சமையலறையில் எல்வி அந்த ஊர் வழக்கப்படி காப்பியில் சீஸ் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள். அல்கோத்தின் தங்கை அவள். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, இன்னும் எத்தனை பேர்கிட்ட எங்கண்ணன் போய் இடம் கேக்கணும்?"

"என்னடி உளர்றே?"

"உளறல. உங்களைத் தேடித்தான் அலையுது. கண்ணு தெரியாத ஆள் மாதிரி ஒவ்வொருத்தர் படுக்கையாத் தடவுது. ஏன்னு சொல்லட்டுமா? அதுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

"என்ன விஷயம்?"

"செத்துப்போன விஷயம். நீங்கதான் யாரையும் சொல்ல விடலையே."

"உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, எல்வி."

"இருக்கட்டும். அந்தக் கிழவி செத்திருந்தா யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டு எல்வி அழுதாள். அவளுக்கும் அண்ணன்தானே. தைமி எழுந்து தன் காப்பியைத் தொட்டியில் கொட்டினாள்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்ததும் தைமி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு உறக்கப் பையை எடுத்துக்கொண்டு, கயிற்றைக் குனிந்து கடந்து, முயல் அறைக்குள் போனாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே சுவர் வழியாக வந்த வெளிச்சம் ஆழத் தண்ணீர் மாதிரி நீலமாக இருந்தது. சுவரோரம் இடம் விட்டு, பைக்குள் புகுந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லத்தான் வந்தாள் என்று நினைக்காதீர்கள். பார்க்க வந்தாள். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி என்றுதான் வந்தாள்.

தூரத்தில் சுற்றுலாக்காரர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

திரை அசைந்தது. தரைப் பனியில் காலடி நறநறத்தது. பெட்ரோல் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் வந்தன. தைமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜிப் மெல்ல, பல் பல்லாக, கீழே இறங்கியது. ஒரு பாதம் அவள் கெண்டைக்காலைத் தொட்டது. மீன் பிடித்துவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்து, தூங்குகிறவளின் மேல் வைக்கிற அதே பாதம். எத்தனை தடவை அதை உதைத்துத் தள்ளியிருக்கிறாள்! இப்போது உதைக்க மனம் வரவில்லை.

"குளுருது, தைமி. கொஞ்சம் நகரு."

அவன் குரலேதான். வேலை முடிந்து வந்த குரல்.

அவள் நகர்ந்தாள். நகர்ந்ததும் உடம்பெல்லாம் இதமாகச் சூடு பரவியது. கை தானாகக் கம்பளிச் சட்டையின் பொத்தானை அவிழ்த்தது. வடக்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான்: பனியில் உட்கார்ந்திருக்கும்போது குளிர் விட்டதென்றால் எழுந்து ஓடு. தைமிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்த பொத்தானை அவிழ்த்தாள். ஓராண்டாக இல்லாத சுகம் அது. இப்படியே போய்விட்டால் என்ன என்று இருந்தது.

பக்கத்தில் அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அவளுக்குத்தான் சூடு. அவனுக்குக் குளிர் கொஞ்சமும் குறையவில்லை. எத்தனை பேர் பக்கத்தில் படுத்தும் குறையவில்லை. அதைக் கேட்டதும் அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"அல்கோத்."

"ம்."

"என்னால இதுக்கு மேல நகர முடியாது."

"ஏன்?"

"நீ செத்துட்டே. போன வருஷம் மார்ச்சுல. ரம்பத்தை எடுக்கப் போனியே, அப்ப."

சொல்லிவிட்டாள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பல் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. நீல வெளிச்சத்தில் சுவர் எங்கோ ஒரு சொட்டு விட்டது.

"ரம்பம் கெடச்சுதா?"

"கெடச்சுது. ஓரத்துலேயே இருந்துச்சு."

"நல்லதாப் போச்சு" என்றான்.

"நாளைக்கு மணியடிக்கச் சொல்றேன்" என்றாள் தைமி. அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. "போயிடு, கண்ணு. இங்க நிக்காத. போயிடு."

பனிமான் தோல் லேசாக நிமிர்ந்தது, ஒருவர் எழுந்துகொண்டதைப்போல. பிறகு ஜிப் மேலே ஏறத் தொடங்கியது. இடுப்பைத் தாண்டி, மார்பைத் தாண்டி, அவசரமில்லாமல் கழுத்துவரை வந்து நின்றது. தைமியின் இரண்டு கைகளும் பைக்குள்ளேதான் இருந்தன.