துவைத்த கழுதை

பொம்மைக் கடைக்காரருக்கு அத்தையைக் கண்டாலே பயம். ஒரு பொம்மை வாங்க வந்தால் ஒன்பது பொம்மைகளின் காதைத் திருகுவாள். தையலை நகத்தால் நெம்புவாள், மோந்து பார்ப்பாள், பொத்தானில் கண் வைத்ததை எல்லாம் ஒதுக்கித் தள்ளுவாள். பொத்தான் பிய்ந்து குழந்தையின் தொண்டைக்குள் போனால் யார் பதில் சொல்வது? "யம்மா, கடையவாவது விட்டுட்டுப் போங்க" என்று அவர் கும்பிடாத குறைதான்.

அத்தை என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளைத் தத்து அலுவலகம் அவளிடம் ஒப்படைக்கும். வேறு அப்பா அம்மா அமையும்வரை அவள் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பாள். பதினேழு வருடத்தில் பதினோரு பேரை அனுப்பியாயிற்று. அம்மா என்ற சொல்லை வரப்போகிறவளுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று எல்லாரையும் தன்னை அத்தை என்றே கூப்பிடப் பழக்கினாள். சுண்டு பன்னிரண்டாவது.

அன்றைக்கு அவளோடு கடைக்கு வந்திருந்தவர்கள் சுண்டுவை எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள். மனைவி பேக்கரியில் கேக் போடுகிறவள், கணவர் பஸ் டிரைவர். டிரைவர் கடைக்குள் நுழைந்ததும் பாட்டுப் பாடும் ரயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

"வைங்க தம்பி அத. அதுவே வாய் ஓயாம பாடிட்டு இருந்தா குழந்தை எப்ப வாயத் திறக்கறது?"

"அப்ப அந்த சைக்கிள்?"

"ரெண்டே கால் வயசு. கால் எட்டாது. உங்க ஆசைக்கு வாங்காதீங்க, அவன் கைக்கு வாங்குங்க."

கடைசியில் அத்தையின் சோதனைகளில் எல்லாம் தேறி வந்தது சாம்பல் நிறத் துணிக் கழுதை ஒன்று. கண் நூலால் தைத்தது.

"கழுதையாக்கா?" என்றாள் பேக்கரிக்காரம்மா, முகம் சுருங்கி.

"கழுதைக்கு என்ன குறைச்சல்? வீட்டுக்குள்ள ஒண்ணு இருந்தா அவருக்கும் பேச்சுத் துணை." டிரைவரே சிரித்துவிட்டார்.

பிறகு அத்தை பேக்கரிக்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாக் கேட்டுக்க. பத்து நாள் இத உன்கூடவே படுக்க வச்சுக்க. மூஞ்சிக்கிட்ட வச்சுக்க. துவைச்சுராத. உன் வாசனை இதுல ஏறணும். அப்புறம் அவன்கிட்ட குடுப்போம். ரெண்டு வாரம் இதோட தூங்கினான்னா, உன் வீட்டுக்கு வர்றப்ப நீ அவனுக்குப் புது ஆளா இருக்க மாட்ட."

பதினோரு குழந்தைகளும் அப்படித்தான் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒன்றுகூட வழி நெடுக அழுதுகொண்டு போகவில்லை.

பதினோராம் நாள் கழுதை வந்தது. வெண்ணெயும் வெனிலாவும் தலையெண்ணெயும் தூக்கத்து வியர்வையும் கலந்த ஒரு வாசனை. சுண்டு முதலில் தும்மினான். மறுநாள் அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தான். நான்காம் நாள் அதை வாங்கி வைக்க யாராலும் முடியவில்லை. இடையில் பேக்கரிக்காரம்மா இரண்டு முறை பார்க்க வந்தபோது அவள் மடியில் அவனாகவே ஏறி உட்கார்ந்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கழுதை வந்த ஒன்பதாம் நாள் மதியம்வரை.

மற்றக் குழந்தைகள் மூன்று மாதம், நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனவை. சுண்டு அப்படியா? தொப்புள் உதிரும் முன்னே வந்தவன். ஏதோ ஒரு காகிதத்தில் ஏதோ ஒரு கையெழுத்து வராமல் இரண்டே கால் வருடம் அவளிடமே தங்கிவிட்டான். முதல் பல் அவள் விரலைக் கடித்துத்தான் முளைத்தது. தூங்கி எழுந்தால் கண் திறக்கும் முன்னே "அத்த" என்பான். அவள் ஓடுவாள்.

அன்றைக்கும் டம்ளரில் பாலோடு வந்து நின்றாள். சுண்டு புரண்டான், சிணுங்கினான். கண்ணைத் திறக்காமலே பாயைத் தடவிக் கழுதையைப் பிடித்து, அதன் வயிற்றில் மூக்கைப் புதைத்து, ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பத் தூங்கிப்போனான். அவளைத் தேடவில்லை.

டம்ளரைப் பாயோரம் டக்கென்று வைத்தாள். பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். ஆனால் அது பொறாமையேதான், சுத்தப் பொறாமை.

பால் சிந்திவிட்டது, துவைக்காவிட்டால் நாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிந்தியது ஒரு சொட்டு, அதுவும் கழுதையின் காது நுனியில். அவன் எழுந்து விளையாடப் போனதும் கழுதையை வாளியில் அமுக்கி, சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கசக்கினாள். மறுநாள் காய்ந்ததை எடுத்துக் கொடுத்தாள். சுண்டு மோந்தான். திருப்பிப் பிடித்து மறுபடி மோந்தான். கீழே போட்டுவிட்டு அவள் மடியில் வந்து ஏறிக்கொண்டான். அந்தப் பாவி மனசு குளிர்ந்துதான் போயிற்று.

ஒப்படைக்கும் நாளில் அலுவலக மேடமும் வந்தார். பேக்கரிக்காரம்மா கை நீட்டியதும் சுண்டு வீல் என்று கத்தினான். கழுதையை நீட்டினாள், தட்டிவிட்டான். அத்தையின் கழுத்தைப் பிடித்த பிடியை மூன்று பேர் சேர்ந்தும் விடுவிக்க முடியவில்லை.

மேடம் ஃபைலை மூடினார். "ஒட்டலையே. ஒரு மாசம் தள்ளி வைப்போம். அப்பவும் இப்படின்னா வேற குடும்பம்தான் பாக்கணும்."

ஒரு மாசம்! அத்தையின் நெஞ்சு துள்ளியது. வேறு குடும்பம் தேட இன்னும் ஒரு வருடம் ஆகலாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

பேக்கரிக்காரம்மா கழுதையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். "என் வாசனையே இல்ல மேடம். பத்து நாளும் சட்டையக்கூட மாத்தாமப் படுத்தேன். ஏறவே இல்ல. என் உடம்புலயே அம்மாங்கறது இல்ல போல."

அதற்குமேல் அத்தையால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏறிச்சும்மா. நல்லாவே ஏறிச்சு. நான்தான் துவைச்சேன்."

"ஏதாவது கொட்டிருச்சா?" என்று மேடம் கேட்டார். தப்பிக்க ஒரு வழி காட்டியது போலத்தான் இருந்தது.

"ஒரு சொட்டுப் பால். அதுக்காகத் துவைக்கல. அவன் இவ வாசனைல நிம்மதியாத் தூங்கினான். எனக்குப் பொறுக்கல."

"ஏங்க, எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே!" என்று டிரைவர் கத்தினார். "இத நான் எழுதித்தான் ஆகணும்" என்றார் மேடம். "எழுதுங்க மேடம்" என்றாள் அத்தை. இனி யாரும் தன்னிடம் குழந்தை தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பேக்கரிக்காரம்மா ஒன்றும் திட்டவில்லை. வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுண்டுவைத் தொடவில்லை.

"அக்கா, இத்தன குழந்தைங்க போச்சே, அதுங்களோட நீங்க எதுல போனீங்க?"

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எதுலயும் போகல. என் வாசனைய எதுலயும் குடுத்தனுப்பல" என்றாள்.

"கழுதைய நான் எடுத்துட்டுப் போறேன். மறுபடி பத்து நாள் வச்சிருந்து கொண்டாறேன். மேடம், அதுக்கு மேல ரெண்டு வாரம் குடுங்க, போதும்." மேடம் தலையசைத்தார். "ஆனா அவனக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு நீங்க ஒண்ணு தரணும்க்கா."

"என்ன?"

"நீங்க படுத்த தலைகாணி உறை. துவைக்காதீங்க. அவன் அங்க வந்து உங்களத் தேடுவான்ல?"

பதினோரு குழந்தைகளையும் வாசல்வரை வந்து சிரித்த முகமாய்க் கையசைத்து அனுப்பியவள், சுண்டுவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, அத்தைக்கு என்ன ஆயிற்று என்று எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.