ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டிக்

கவிப்பிரியா எண்ணவேயில்லை. எண்ணாத வரைக்கும் குறையாது என்று ஒரு நினைப்பு.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஐந்து வருஷம் செக்‌ஷீட் நிரப்பியவள் அவள். இரண்டு மணிக்கொரு தரம் மெஷினைப் பார்த்து டிக் போட வேண்டும் என்பது விதி. லைனில் நிற்கிறவர்களுக்கு அதற்கு நேரம் ஏது? ஷிப்ட் தொடங்கும்போதே சாயங்காலம் வரைக்கும் வரிசையாக டிக் அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும்.

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் லீவு போட்டுச் சேரப்பணஞ்சேரியில் வீட்டோடு இருந்தபோது, அந்தக் கைப்பழக்கமும் கூடவே வந்துவிட்டது. கிராமத்து நர்ஸ் வினோதினி ஒரு தாள் கொடுத்திருந்தாள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் ஒருக்களித்துப் படுத்து, ஒரு மணி நேரம் வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். மூன்றுக்குக் குறையாவிட்டால் டிக்.

"உங்களுக்கு சர்க்கரை இருக்கு. முதல் கொழந்தயும் வயித்துலயே போயிடுச்சு. மத்தவங்கள விட நீங்கதான் கட்டாயம் எண்ணணும்க்கா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

முதல் குழந்தை. இரண்டு வருஷத்துக்கு முன், ஒன்பதாம் மாதத்தில், இரண்டு நாள் அசைவில்லாமல் கிடந்தது. "மாசம் நெறைஞ்சா புள்ள அடங்கிடும்" என்றாள் மாமியார் பாப்பம்மாள். அடங்கித்தான் போயிருந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதன்பிறகு வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பது என்றாலே கவிப்பிரியாவுக்குப் பயம். திங்கட்கிழமை காலையில் ஒரே மூச்சில் ஏழு நாளுக்கும் டிக் போட்டு, தாளைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிடுவாள்.

அன்று செவ்வாய். பத்து மணிக்கு வினோதினி வந்தாள்.

"வந்துட்டா. கல்யாணமே ஆவல, புள்ளத்தாச்சிக்கு புத்தி சொல்லக் கெளம்பிடறா" என்றாள் பாப்பம்மாள்.

"காதுல வுழுந்துச்சும்மா."

"வுழட்டும்னுதான் சொன்னேன்."

வினோதினி சிரித்துக்கொண்டே தாளை எடுத்தாள். சிரிப்பு நின்றது.

"அக்கா, வரப்போற ஞாயித்துக்கிழமை ராத்திரி கொழந்த ஒதைச்சதுன்னு போட்டு வெச்சிருக்கீங்களே!"

கவிப்பிரியா தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க அண்ணனும் கம்பெனிக்குப் போறவன்தான். எனக்குத் தெரியாதா உங்க டிக்கு? புள்ள இன்னா மெஷினா?" என்றவள், கவிப்பிரியா வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டாள். குரல் மாறியது. "தனியா எண்ணினாத்தான் பயம். நானும் கூட எண்றேன். படுங்க."

கேழ்வரகு தோசை தின்று சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கவிப்பிரியா இடப்பக்கமாகப் படுத்தாள். அவள் கைமேல் வினோதினி கை வைத்தாள். பத்து நிமிஷம். அரை மணி. ஒருமுறை லேசாகப் புரண்டது. முழு மணியும் போய்விட்டது. அந்த ஒன்றுதான்.

"நேத்து எப்டி இருந்துச்சு?"

"தெரியலம்மா" என்று அழுதாள் கவிப்பிரியா.

பாப்பம்மாள் வாயைத் திறந்தாள். "மாசம் நெறை..." முடிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிப் பையை எடுத்தாள். "இன்னாடி பாத்துகினு கீற? வண்டிக்கு போன் போடு!" என்று வினோதினியை அதட்டினாள்.

வழி நெடுக கன்டெய்னர் லாரிகள். ஆம்புலன்ஸ் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொரு டிரைவரையும் திட்டிக்கொண்டே வந்தாள் பாப்பம்மாள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு மெஷினைப் பொருத்தினார்கள். துடிப்பு இருந்தது, ஆனால் இடையிடையே இறங்கியது. நஞ்சுக்கொடி பிள்ளைக்குப் போதுமானதைக் கொடுக்கவில்லை, காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். உடனே ஆபரேஷன்.

ஷிப்டிலிருந்து கணவன் லோகேஷ் யூனிஃபார்மோடு ஓடிவந்தபோது, தகப்பனைப் பார்த்ததுபோல அப்போதுதான் பிறந்திருந்த மகள் வீறிட்டாள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்ததால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும் என்று இருவரையும் தனி வார்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் வினோதினி வந்தாள். கட்டில் கம்பியில் ஒரு தாள் தொங்கியது. பால் குடித்த நேரம், சிறுநீர் போன நேரம் எல்லாம் தாய்தான் எழுத வேண்டும். வினோதினி எட்டிப் பார்த்தாள். 6.10, 7.55, 10.20. கோணலும் மாணலுமான எழுத்து. ஒரு கட்டத்தில் பால் சொட்டி மை கலைந்திருந்தது. அடுத்த கட்டம் காலி.

"அடுத்தது இன்னும் எழுதலியா?" என்று வம்புக்கு இழுத்தாள்.

"அது இன்னும் குடிக்கல" என்றாள் கவிப்பிரியா. வினோதினியின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

பாப்பம்மாள்தான் பேசினாள். டிபன் பாக்ஸைத் திறந்து, முதல் கரண்டியை வினோதினிக்குப் போட்டாள்.

"ஒனக்கும் ஒரு நாள் கல்யாணம் ஆவும், நீயும் மாசமாவ. அப்ப சொல்லி அனுப்பு. நான் வந்து கூட ஒக்காந்து எண்றேன்."

குழந்தை சிணுங்கியது. கவிப்பிரியா அதை மார்போடு அணைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. குழந்தை குடிக்கத் தொடங்கியதும் பேனாவை எடுத்தாள்.