எதிர் அறை ஜாடி

தன்னை யாராவது ஏய்க்கப் பார்த்தால் தோங்பாய்க்கு முன்கூட்டியே மூக்கு வியர்த்துவிடும். சந்தையில் தனக்கு முன்னால் வேறொருத்திக்கு மீன் நிறுத்தால் போதும், "ஏன், கறுப்பா இருந்தா கண்ணுக்குத் தெரிய மாட்டேனா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதில் தப்பும் இல்லை. வடகிழக்கு வயல்காடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களை மீன் துறைமுக ஊரான மஹாச்சாய் 'லாவோ' என்றுதான் கூப்பிடும். அது நாட்டின் பெயர் இல்லை, வசவு. அவள் வாயைத் திறந்தால் மீன் ஆலை மேஸ்திரி அதே இழுவையில் பேசிக் காட்டுவான், மொத்த மேசையும் சிரிக்கும். ஒவ்வொரு சிரிப்பையும் தோங்பாய் மறக்காமல் வைத்திருந்தாள்.

ஆனால் அதே மேசையின் கடைசியில் நின்று இறால் உரிக்கும் பர்மாக்காரிகளுக்கு மேஸ்திரி கையுறை கொடுக்காமல் விட்டால் அவளுக்கு ஒன்றும் உறைக்காது. "அவளுங்க வந்துதான் நம்ம கூலியே ஏற மாட்டேங்குது. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பாளுங்க" என்பாள். அவளுக்கு எதிர் அறையில் இருந்த மி சான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. தான் பர்மாக்காரி இல்லை, மோன் இனம் என்று மி சான் ஒருநாள் சொன்னதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் போ" என்று கதவைச் சாத்திவிட்டாள். தன்னை லாவோ என்றால் மட்டும் கொதிப்பாள்.

அந்த மாதம் தோங்பாயின் மகள் மோட் ஊரிலிருந்து வந்திருந்தாள். பிறந்த கையோடு அக்காவிடம் விட்டுவந்த பிள்ளை, ஏழு வயதில் முதல்முறையாக அம்மாவோடு ஒரே பாயில் படுக்கிறது. வீட்டுக்காரி சியூ தன் முகவரியைக் கொடுத்ததால்தான் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அறை போனால் பள்ளிக்கூடம் போகும். பிள்ளையும் திரும்ப ஊருக்குத்தான்.

அறை போகிற அளவுக்கு ஏற்கனவே ஒருமுறை வந்திருந்தது. சியூ மாடிப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்: பிலாரா கூடாது. பிலாரா இல்லாமல் வடகிழக்கு ஆட்களுக்குச் சோறு இறங்காது. உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த மீன் அது. "உங்க ஊர் நாத்தத்தையெல்லாம் உங்க ஊரோட வச்சுக்கங்கடி. இன்னொரு தடவை வந்துச்சு, மூட்டையக் கட்டிர வேண்டியதுதான்" என்று சியூ கத்தியதும், "நீங்க வறுக்கிற கருவாடு மட்டும் மணக்குதாக்கா?" என்று தோங்பாய் திருப்பிக் கொடுத்ததும் மூன்று மாடிக்கும் கேட்டது.

மோட் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது ஒரு ஜாடி பிலாரா. "பெரியம்மா குடுத்துச்சு. உனக்குப் பிடிக்குமாமே." தோங்பாயால் அதைத் தூக்கிப் போட முடியவில்லை. பிலாரா ஜாடியை இறுக்கி மூடக் கூடாது, அது மூச்சு விடும் என்பது அவள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாசம் வெளியே போய்விடுமே என்ற பயத்தில் மூடியை முறுக்கி, மேலே டேப்பையும் சுற்றி, தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் மூடி தெறித்துவிட்டது.

சாயங்காலம் அவள் படியேறும்போதே வாசத்தில் தெரிந்துவிட்டது. அறைத் தரை ஈரமாக இருந்தது, சோப்புத்தூள் வாடை. ஜாடியைக் காணவில்லை.

"எதிர் வீட்டு அத்தை இன்னைக்கு வேலைக்குப் போகல, அதுதான் துடைச்சுச்சும்மா. நான் அழுதேன்ல, அதான். ஜாடிய அது வீட்டுல வச்சிருக்கு. சியூ பாட்டி வந்தா நம்மள வையும்னு."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நெஞ்சு இளகும். தோங்பாய்க்கு மூக்கு வியர்த்தது. எதுக்கு எடுத்தா? நாளைக்குக் காட்டிக் கொடுக்கவா? இதை வைத்தே என்னை ஆட்டி வைக்கவா? சும்மா ஒருத்தி ஒருத்திக்குச் செய்வாளா?

அதற்குள் சியூ மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்துவிட்டாள். நேராக வாசனை பிடித்துப் போய் மி சான் கதவைத் தள்ளினாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஜாடி.

"இது யாருது?"

மி சானின் கண் மோட்டின் மேல் போய்விட்டு வந்தது.

"ஏய், உன்னத்தான் கேக்குறேன். உன்னுதா, அவளுதா?" சியூ தோங்பாய் பக்கம் திரும்பினாள். "லாவோ சாமான் மாதிரியில்ல இருக்கு?"

இதோ. எப்போதும் போல. எங்கே நாறினாலும் கை தன்னைத்தான் காட்டும். அந்தக் கோபம் நிஜமான கோபம், அதுதான் கொடுமை. "ஜாடி அவ வீட்டுல இருக்கு, கேள்வி என்னையா? அவங்களும் மீனப் புளிக்க வச்சுத் திங்கிறவங்கதானே! எது நடந்தாலும் எங்க தலையிலதான் போடுவீங்களா?"

"அம்மா, அது நம்ம..." என்றாள் மோட். தோங்பாய் அவள் தோளில் நகம் பதிய அழுத்தினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

"என்னுது" என்றாள் மி சான். "மன்னிச்சிருங்க முதலாளியம்மா. இனிமே வைக்க மாட்டேன்."

"இனிமே என்ன இனிமே? காலி பண்ணு. இல்ல, போலீஸக் கூப்பிடவா? காகிதமெல்லாம் சரியா இருக்கா உனக்கு?"

வேலை அனுமதிக் காகிதம் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, கையில் இல்லை. மி சான் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். பர்மா ஆளுக்கு இந்தத் தெருவில் வேறு யாரும் அறை தர மாட்டார்கள். அது தோங்பாய்க்கும் தெரியும்.

மூட்டையோடு மி சான் வெளியே வந்தபோது தோங்பாய் தன் வாசலிலேயே நின்றாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பி நாலு கொடுத்திருக்கலாம். மி சான் மோட்டின் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

"பாத்தியா திமிர! என்னை ஒரு பேச்சு பேசாம போறா. நான் கேட்டேனா இவள, தொடைச்சுக் குடுன்னு? என்னைக் கெட்டவளாக்கிட்டுப் போறா" என்றாள் பிள்ளையிடம். மனதாரத்தான் சொன்னாள்.

சியூ இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "நீயும் பாத்து நடந்துக்க. லாவோ, பர்மா, எல்லாம் ஒரே நாத்தந்தான் எனக்கு."

தோங்பாய் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு நடந்தும் தன்னை அந்தப் பர்மாக்காரியோடு சேர்த்துப் பேசிவிட்டாளே என்று அழுதாள். "நமக்குன்னு நியாயம் கேக்க இந்த ஊர்ல ஒரு நாதி இல்ல பாரு. வாடி, அம்மாகிட்ட வா" என்று கையை நீட்டினாள்.

மோட் சுவரோரம் நகம் பதிந்த தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை.