தொடக்கூடாத மெழுகு

1
இந்தக் கதை நூடுல்ஸ் கடைச் சண்டையில் கிடைத்தது. வானொலியில் சங்குவானின் பழைய பாட்டு. நடுவில் ட்ரம்பெட்டுகள் சட்டென்று அடங்க, கோலால் அடிக்கும் ரனாத்* என்ற மர வாத்தியம் மட்டும் தனியே ஓடியது.

"ஊத மறந்துட்டானுங்க," என்றார் சாப்பிட வந்த படகோட்டி ஒருவர்.

"வாயை மூடுய்யா! வேணும்னே நிறுத்துனது," என்றாள் கடைக்காரி.

வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

2
பாங்காக்கில் முதன்முதலாக நடன இசைக்குழு அமைத்த சங்குவான் ஒரு மேதை...

(அடித்துவிட்டேன். மேதைகளுக்கு வியர்ப்பதில்லை. இவனுக்கு வெள்ளைக் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.)

3
ஆற்றோர நடனக்கூடத்தில் ஒத்திகை. மாலையில் புதுப் பாட்டு அரங்கேற வேண்டும். ட்ரம்பெட் ஒரு சுருதி, குழுவில் மூத்தவளான தவினின் ரனாத் வேறு சுருதி. சேர்ந்து ஒலித்தால் பல் கூசியது.

"சட்டத்துக்கு அடியில இருக்குற மெழுகைக் கொஞ்சம் சுரண்டுக்கா," என்றான் சங்குவான்.

"எங்க குரு கையால வெச்சது. உன் பித்தளைக் குழாயை வேணா சுரண்டிக்க, போ," என்றாள் தவின்.

ட்ரம்பெட்காரன் சோட் சிரித்தான். கூடத்து மேலாளர் சிரிக்கவில்லை. "அந்த மரக்கட்டையைத் தூக்கு. ஆட்டம் நின்னுச்சுன்னா நாளைக்கு வேற குழு."

* படகு போன்ற பெட்டிமேல் மரச்சட்டங்கள். அடியில் ஒட்டிய மெழுகும் ஈயத்தூளும்தான் சுருதி.

4
(தவின் சாப்பிடப் போனதும் சங்குவான் திருட்டுத்தனமாகச் சுரண்டுவதாக எழுதிப் பார்த்தேன். அவன் கை அசைய மறுத்தது. ரனாத்துக்குப் பதில் பியானோவை வைத்தும் பார்த்தேன். பாட்டே செத்தது.)

சங்குவான் மல்லிகைச் சரத்தை ரனாத்தில் கட்டி, ஊதுவத்தி ஏற்றி, கோட்டோடு தரையில் விழுந்து கும்பிட்டான்.

"ரனாத் இல்லாம இந்தப் பாட்டு இல்ல. சோட், அக்கா அடிக்கிறப்ப ஒருத்தனும் ஊதக்கூடாது."

"குழாயைப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னா சனங்க என்ன நெனைப்பாங்கண்ணே?"

"நாம கேக்குறோம்னு நெனைப்பாங்க."

5
மாலை. கூடம் நிறைய ஜோடிகள். அந்த இடம் வந்தது. சோட் குழாயை இறக்கினான். மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். தவின் கோல்களைத் தூக்கினாள். ஆடுகிறவர்களின் கால்கள்

இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. பாட்டு வானொலிக்கு வந்ததே, அப்படியென்றால் ஜெயித்தான் என்பீர்கள். வேலை போன பிறகும் பாட்டைப் பதிவு செய்யலாம்.

கால்களை உங்களிடம் விடுகிறேன். நிறுத்துங்கள், ஆடவிடுங்கள், மேலாளரைக் கத்தவிடுங்கள். மெழுகில் மட்டும் கை வைக்காதீர்கள்.