இரண்டு எண்ணூறு

சர்வர் கம்ப்யூட்டர் கட்டி விற்கிற ஒரே கடையில் அக்காவும் தம்பியும் வேலை பார்த்தார்கள். நான்கு மாதமாக ஒருவரோடொருவர் பேசவில்லை. கூடப்பிறந்தவர்கள் பேசாமல் இருப்பது உலகத்தில் புதிதில்லை. ஆனால் ஒரே சர்வரை ஆளுக்குப் பாதியாகக் கட்டிக்கொண்டே பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். இருவருக்கும் அது தாராளமாக இருந்தது.

கடை, மாடியில் இரண்டு அறை. முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தம்பி: ஃபோன், வாடிக்கையாளர்கள், சாமான் வாங்குவது. பின்னறையில் ஒன்பதடி நீள பெஞ்ச், திருகாணி டப்பாக்கள், நாள் முழுக்க விசிறி இரைச்சல், அங்கே அக்கா. நடுவில், பழுப்பு டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பார்சல் கட்டுகிற ஐம்பத்தைந்து வயதுக்காரர். எல்லோருக்கும் அவர் 'டேப்பு'. தம்பியை முதலாளி என்றும் அக்காவை அக்கா என்றும் கூப்பிடுவார். கடையில் இருவருக்கும் சரிபாதி உரிமை. அந்த வித்தியாசம் அவளுக்குப் பதினெட்டு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் 'என்னையும் முதலாளின்னு கூப்பிடுங்க' என்று கேட்டு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அவளுக்கென்று அந்தக் கடையில் இருந்தது ஒரு கையெழுத்து. எந்த சர்வரும் படி இறங்குவதற்கு முன்னால், அவள் அதை முழுச் சுமையில் ஓடவிட்டு, பவர் சப்ளைக்கு ஒன்றாகப் பின்பக்கமிருக்கும் இரண்டு பவர் கார்டுகளில் ஒன்றைப் பிடுங்குவாள். மிஷின் பத்து நிமிஷம் ஓட வேண்டும். அதைச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்குவாள். மறுபடி பத்து நிமிஷம். இரண்டும் தேறினால்தான் டெஸ்ட் ஷீட்டில் கையெழுத்து. பிடுங்கியவர்தான் போட வேண்டும் என்பது கடைச் சட்டம். சட்டம் போட்டது அவள்தான். வாங்க வருகிறவர்கள் ஷீட்டில் வேறெதையும் படிப்பதில்லை. கீழே அந்தக் கோழிக்கிறுக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தக் கையெழுத்தில்தான் தம்பி மண்ணைப் போட்டான். நான்கு மாதத்துக்கு முன்னால், அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த ஒரு மிஷினிலிருந்து, அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து நல்ல பவர் சப்ளை இரண்டையும் கழற்றி இன்னொரு அவசர ஆர்டருக்குக் கொடுத்துவிட்டான். பதிலுக்கு அலமாரியில் கிடந்த ஏதோ இரண்டை மாட்டி அனுப்பினான். மூன்றாம் நாள் அது படுத்துக்கொண்டது. வாங்கியவர் வந்து கத்தியபோது, கொஞ்சமும் கூசாமல் சொன்னான்:

"அக்கா டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போட்டதுங்க. என்ன ஆச்சுன்னு அவங்களத்தான் கேக்கணும்."

அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதெல்லாம் மஞ்சள் துண்டுச் சீட்டு வழியாகவும் டேப்பு வழியாகவும் நடந்தது.

இப்படி இருக்கும்போது ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. பரிசோதனைக்கூடத்தின் படங்களையெல்லாம் சேர்த்துவைத்து அலசுவதற்கு, ரேக்கில் மாட்டுகிற மாதிரி, இரண்டு ப்ராசசர் வைத்த சர்வர். அக்கா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ப்ராசசர் இரண்டும் சேர்ந்து ஐந்நூற்று நாற்பது வாட்ஸ். பன்னிரண்டு டிஸ்க்குக்கு நூற்றிருபது. மெமரி, விசிறி, போர்டு எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம். 'பவர் சப்ளை: ஆயிரத்து இருநூறு வாட்ஸ், இரண்டு' என்று சீட்டில் எழுதி அனுப்பினாள். திங்கட்கிழமை பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் எண்ணூறு, இரண்டு.

"டேப்பு! நான் எழுதினது ஆயிரத்து இருநூறு. வந்திருக்கிறது எண்ணூறு. உங்க முதலாளிக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு கேளுங்க."

முதலாளி பத்தடி தூரத்தில்தான் இருந்தான். டேப்பு கழுத்தைத் திருப்புவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அக்காகிட்ட சொல்லுங்க டேப்பு. ரெண்டு எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு. மிஷின் குடிக்கிறது தொள்ளாயிரம். ஒண்ணாங்கிளாஸ் கூட்டல்தான்."

"கூட்டல் தெரிஞ்சிட்டா போதுமா? ரெண்டு எதுக்கு வைக்கிறோம்னு கேளுங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணு தனியா சுமக்கணும். எண்ணூறு எப்படித் தொள்ளாயிரத்தச் சுமக்கும்? இவர் போய் முட்டுக் குடுப்பாரா?"

"ரெண்டு ப்ராசசரும் ஒரே நேரத்துல உச்சத்துல ஓடுறது வருஷத்துக்கு ஒரு நாள். அன்னைக்கே பாத்து ஒண்ணு சாகவும் போகுதா? அந்த ஒரு நாளுக்குப் பயந்து ஆயிரத்து இருநூறு போட்டா, மீதி நாளெல்லாம் கால்வாசி சுமையில கரண்ட்டத் தின்னுட்டுக் கிடக்கும். அதையும் சொல்லுங்க."

"அக்கா, முதலாளி என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தார் டேப்பு.

"காது கேக்குது!" என்றார்கள் இருவரும். நான்கு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அவள் சீட்டு எழுதினாள்: 'எண்ணூறு போதாது. ஆயிரத்து இருநூறு வேண்டும்.' டேப்பு எடுத்துக்கொண்டு போனார். அதே சீட்டு திரும்பி வந்தது. அடியில் தம்பியின் எழுத்து: 'எண்ணூறே போதும். பொறுப்பு என்னுடையது.' கீழே கையொப்பம், தேதி.

கிழித்துப் போடப் போனவள் நிறுத்தினாள். பொறுப்பு என்னுடையது. அவனே எழுதி, அவனே கையொப்பம் வைத்திருக்கிறான். வியாழக்கிழமை மிஷினைப் பார்த்து எடுக்க வரப்போகிறவள் ஆஸ்பத்திரி மேடம். யார் சொல்லையும் நம்பாமல் முழுச் சுமையில் ஓடவிட்டுத் தன் கையாலேயே கார்டைப் பிடுங்கிப் பார்க்கிறவள். சீட்டை நான்காக மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

புதன்கிழமை மதியம் மிஷின் தயார். முதலில் சும்மா ஓடவிட்டுப் பிடுங்கினாள், ஓடியது. பிறகு முழுச் சுமை ஏற்றினாள். விசிறிகள் கூச்சல் போட்டன. இடது கார்டைப் பிடுங்கினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. பச்சை விளக்குகள் மொத்தமும் அணைந்து, அறை கப்சிப் என்றானது.

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு இதே அமைதியில் தம்பி முகம் வெளிறி நிற்பான், தான் பையிலிருந்து சீட்டை எடுத்து மேடத்திடம் நீட்டலாம், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை என்று நினைக்க நினைக்க வயிறு குளிர்ந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. ஷீட்டில் கையெழுத்து இல்லாமல் மிஷினை மேடத்தின் முன்னால் வைக்க முடியாது. போட மாட்டேன் என்றால் அவன் உஷாராகிவிடுவான். நாளைக்கு யார் மூக்கும் உடையாது. பேனாவை எடுத்தாள். 'சுமை' என்ற கட்டத்தில் 'முழுச் சுமை' என்று எழுதினாள். 'முடிவு' என்ற கட்டத்தில் 'தேறியது'. கீழே கோழிக்கிறுக்கல். ஒவ்வொரு வாட்ஸையும் எண்ணிக் கணக்குப் போடுகிறவள், இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. மிஷின் அணைந்தால் மேடம் இந்த ஷீட்டையும்தானே பார்ப்பாள் என்பது அவள் மூளைக்கு எட்டவே இல்லை. கோபம் வந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மேடம் வந்தாள். குட்டை முடி, உட்காரச் சொன்னால் உட்காராத ரகம். நேரே பின்னறைக்கு வந்தாள். தம்பி ஷீட் சொருகிய அட்டையோடு பின்னால் வந்து நின்றான். அக்கா பெஞ்சின் ஓரத்தில், ஒரு கை மேலங்கிப் பைக்குள்.

"முழு லோடுல ஓடுதா?"

"ஓடுது மேடம். ஸ்கிரீன்ல பாருங்க" என்றான் தம்பி.

மேடம் பார்த்தாள். குனிந்தாள். இடது கார்டைப் பிடுங்கினாள்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விசிறிகள் இன்னும் ஒரு மடங்கு கத்தின. பச்சை விளக்குகள் அப்படியே எரிந்தன. ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து. மேடம் செருகிவிட்டு வலது கார்டைப் பிடுங்கினாள். அதே பத்து நிமிஷம். ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

அக்காவால் நம்ப முடியவில்லை. கார்டைச் சரிபார்க்கிற மாதிரி பின்பக்கம் போய்க் குனிந்தாள். பவர் சப்ளை இரண்டிலும் வேறு லேபிள். ஆயிரத்து இருநூறு. அதே அளவுக் கூடு. பின்னாலிருந்து இழுத்துவிட்டு இன்னொன்றைத் தள்ளினால் ஒரு நிமிஷ வேலை.

"நல்ல செலக்‌ஷன்" என்றாள் மேடம். "நிறைய பேர் ரெண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டு ஏமாந்துடறாங்க. யார் முடிவு பண்ணினது?"

"அக்காதான் மேடம்" என்றான் தம்பி. "நான் எண்ணூறு வாங்கினேன். அவங்கதான் கூடாதுன்னாங்க."

அக்காவின் மேலங்கிப் பைக்குள் சீட்டு கசங்கியது. மேடம் ஷீட்டை வாங்கிப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"இதுல இவங்க கையெழுத்து இல்லையே? உங்க கையெழுத்து இருக்கு?"

"காலையில பிடுங்கிப் பாத்தது நான்தான் மேடம். பிடுங்கினவங்கதான் போடணும். இனிமே நானே போட்டுடுவேன்."

மேடம் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கேட்கலாமா என்று யோசித்தவள் மாதிரி இருந்தது, கேட்கவில்லை. டேப்பு பெட்டி கட்டினார். மிஷின் படி இறங்கிப் போனது.

தம்பி பின்னறைக்குத் திரும்பி வந்தான். நான்கு மாதமாக அவளிடம் பேச அவன் தாண்டாத வாசல். பெஞ்சுக்கு எதிரில் நின்றான்.

"ஏழு மணிக்கே வந்தேன்" என்றான். "நேத்து நீ சண்டை போடாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டன்னு டேப்பு சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நீயாவது, நான் சொன்னதக் கேக்கறதாவது. வந்து லோடு ஏத்திப் பிடுங்கினேன். பட்டுனு அணைஞ்சுது. நமக்குச் சரக்குத் தர்றவர எழுப்பி, ரெண்டு ஆயிரத்து இருநூறு வாங்கியாந்து மாத்தினேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து பெஞ்சில் விரித்தான். முழுச் சுமை. தேறியது. கோழிக்கிறுக்கல்.

"நீ அன்னைக்குச் செஞ்சது என்ன?" என்றாள் அவள். "என் கையெழுத்துக்குக் கீழ கண்டதையும் மாட்டி அனுப்பிட்டு, கூசாம என்னையே கை காட்டினியே!"

"ஆமா, செஞ்சேன். அவசரம்னா நான் எதையும் செய்வேன். அந்தப் புத்தி எனக்கு இருக்குன்னு எனக்கே தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா பேனா உன் கையில இருந்துச்சு. கடையில ஒருத்தராவது பொய் எழுத மாட்டாங்கன்னு நான் நிம்மதியா இருந்தேன்."

"உன்னை மாட்டிவிடத்தான் எழுதினேன். வேற யாரையும் இல்ல."

"என்னை மாட்டிவிடு. தாராளமா மாட்டிவிடு. ஆஸ்பத்திரி மிஷின வெச்சா?"

"அவங்க பிடுங்கிப் பாத்திருப்பாங்க. வெளிய போயிருக்காது."

"இன்னைக்கு ஒரு நாள் பாக்காம எடுத்துட்டுப் போயிருந்தா? உன் கையெழுத்து இருந்தா யாரு பாக்கறா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான் என்பதைவிட, கேட்டது இவன் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு கம்பி. பதினெட்டு வருஷ ஷீட்டுகளும் அதில் குத்திக் கிடந்தன. தம்பி தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே குத்தினான்.

"பெஞ்ச் உன்னோடது. அத யாரும் பறிக்க மாட்டாங்க" என்றான். "இத வேணும்னா எடுத்துக் கிழிச்சுப் போட்டுக்க. நான் திரும்ப வந்து பாக்கப்போறதில்ல." போய்விட்டான்.

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவனுக்குப் பயந்து எடுத்த மாதிரி ஆகும் என்று முதலில் நினைத்தாள். பிறகு, எடுத்தாலும், தான் பொய் எழுதியது தனக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்தாள். அவமானத்தில் காது மடல் எரிந்தது. மேலங்கிப் பையிலிருந்த சீட்டு, அவன் பொறுப்பென்று அவனே எழுதிக் கொடுத்தது, வியர்வையில் ஊறி எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு மிஷின் முடிந்தது. முழுச் சுமை ஏற்றினாள். இடது கார்டைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் நின்றாள். வலது கார்டைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் நின்றாள். தேறியது. பேனா தானாகக் கைக்கு வந்தது.

டேப்பு பக்கத்தில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஷீட்டை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"முதலாளி வந்து பிடுங்கிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்னாரு அக்கா" என்றார்.

அவள் மிஷினை அணைக்காமல் விட்டு, கார்டைச் செருகிவிட்டு, பெஞ்சை விட்டுத் தள்ளி நின்றாள்.